விஷம் செய்யும் புரதங்கள் நுண்பாசிகளுக்கு எங்கிருந்து வந்தன?

கேள்வி: 2024 அக்டோபர் 21

ஈசிஆரில் அலை நீலமாக ஒளிர்கிறது என்று கேள்விப்பட்டுக் குடும்பத்தோடு பார்க்கப் போனோம். அங்கே ஒருவர் சொன்னார்: இவையெல்லாம் முன்பு சாதாரணப் பாசிகள், கடலில் சாக்கடையும் உரமும் கலந்த பிறகுதான் அவற்றின் புரதங்கள் மாறி விஷப்பாசிகள் ஆகிவிட்டன என்று. எனக்கும் அது சரி என்றே படுகிறது. ஐம்பது அறுபது ஆண்டுகளில் ஒரு பாசி விஷம் செய்யக் கற்றுக்கொள்ள முடியாதா? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

அக்டோபர் 21, இரவு

முடியாது. உரமும் சாக்கடையும் பாசியின் எண்ணிக்கையைப் பெருக்கும், விஷம் செய்யும் நொதிகளை அதற்குக் கொடுக்காது. இந்த இரண்டையும் கலந்துவிட்டால் அப்புறம் எதுவும் புரியாது.

1793 ஜூன் மாதம் ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் கனடாவின் மேற்குக் கரையில் ஒரு குடாவில் இறங்கிச் சிப்பி சாப்பிட்டார்கள். சிலருக்கு உடம்பு மரத்துப்போனது. ஜான் கார்ட்டர் என்ற மாலுமி அன்றே இறந்தார். சிப்பி தின்ற பாசியின் விஷம்தான் காரணம். அந்தக் குடாவுக்கு இன்றும் பாய்சன் கோவ் என்றுதான் பெயர். அந்தக் கரையில் அன்றைக்கு உர மூட்டை ஏது, ஆலைக் கழிவு ஏது?

நீங்கள் பார்த்தது நாக்டிலுகா என்ற ஒளிரும் நுண்ணுயிர். பாம்பன் பக்கத்து மீனவர்கள் பூங்கோரை என்பது இதைத்தான். இது நரம்பைத் தாக்கும் விஷம் செய்வதில்லை. அளவுக்கு மிஞ்சிப் பெருகும்போது தன்னுள் சேர்த்துவைத்த அம்மோனியாவை வெளிவிடும், செத்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்ஸிஜனைத் தீர்க்கும். மன்னார் வளைகுடாவில் மீன்கள் செத்து ஒதுங்கியது அப்படித்தான். விஷம் செய்யும் பாசிகள் வேறு. அவற்றைப் பற்றித்தான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 22

"விஷமே ஒரு புரதம்தானே, கொதிக்க வைத்தால் போய்விடாதா?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால் முதலில் இதற்குப் பதில்.

பாம்பு விஷத்தில் பெரும்பகுதி புரதம். பாசி விஷம் அப்படி இல்லை. சாக்ஸிடாக்ஸின், டோமோயிக் அமிலம் எல்லாம் சின்ன மூலக்கூறுகள். அவற்றைச் செய்து தருகிற நொதிகள்தான் புரதம். நொதி சூட்டில் கெடும். அது செய்து வைத்த சாக்ஸிடாக்ஸின் சமையல் சூட்டில் கெடாது. ருசியிலும் வாசனையிலும் தெரியாது. 1981இல் கல்பாக்கம் அருகே வாயலூரில் மட்டி சாப்பிட்டவர்கள் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள், சிலர் இறந்தார்கள். நம் பக்கத்தில் மட்டி வழியே வரும் இந்த விஷநோய் பதிவான முதல் சம்பவங்களில் அது ஒன்று. எல்லாரும் சமைத்துத்தான் சாப்பிட்டிருப்பார்கள்.

அக்டோபர் 24

சரி, மூலக் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

சாக்ஸிடாக்ஸினைச் செய்பவை இரண்டு கூட்டம். நன்னீரில் வாழும் சில நீலப்பச்சைப் பாசிகள் ஒன்று. இவை உண்மையில் பாக்டீரியா. மற்றொன்று கடலில் வாழும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற ஒற்றைச் செல் உயிர்களில் சில: அலெக்ஸாண்ட்ரியம், ஜிம்னோடினியம் கெட்டினேட்டம், பைரோடினியம். இரண்டு கூட்டத்துக்கும் இடையிலுள்ள தூரம், பாக்டீரியாவுக்கும் நமக்கும் உள்ள தூரம். இவ்வளவு சிக்கலான ஒரே மூலக்கூறை இரண்டும் தனித்தனியே கண்டுபிடித்தனவா என்பது பல ஆண்டு காலப் புதிர்.

2008இல் ஆஸ்திரேலியாவில் ஒரு குழு நீலப்பச்சைப் பாசியில் இதற்கான மரபணுத் தொகுதியைக் கண்டுபிடித்தது. சுமார் 35 ஆயிரம் டிஎன்ஏ எழுத்து நீளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. வேலையைத் தொடங்கிவைக்கும் புரதத்துக்கு எஸ்எக்ஸ்டி-ஏ என்று பெயர். அதில் நான்கு பகுதிகள் உண்டு. முதல் மூன்றும் ஒருவகை பாக்டீரியாவின் நொதிகளை ஒத்திருக்கின்றன, நான்காவது வேறொரு வகையை. அதாவது அந்தப் புரதமே இரண்டு பழைய புரதங்களின் ஒட்டு. அந்த நான்காம் பகுதியின் உறவினர்களெல்லாம் அமினோ அமிலத்தையும் கொழுப்புத் துண்டையும் இணைக்கிற, எந்த உயிரிலும் காணக்கூடிய அன்றாட நொதிகள். விஷத்துக்கென்று பிறந்த பகுதி ஒன்றுகூட அதில் இல்லை.

2011இல் அலெக்ஸாண்ட்ரியத்திலும் அதே புரதம் கிடைத்தது. அதே நான்கு பகுதிகள், அதே வரிசையில். இரண்டு உயிர்கள் தனித்தனியே ஒரே நான்கு துண்டுகளை ஒரே வரிசையில் ஒட்டியிருக்கும் என்று நம்புவது கடினம். ஏதோ ஒரு பழைய காலத்தில் பாக்டீரியாவின் மரபணு ஒன்று டைனோஃபிளாஜெல்லேட்டின் மூதாதைக்குள் போயிருக்க வேண்டும். ஐம்பது ஆண்டு எந்த மூலைக்கு? அலெக்ஸாண்ட்ரியத்தின் பல இனங்கள் பிரிவதற்கு முன்பே நடந்த சங்கதி இது.

அக்டோபர் 25

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. எனக்கு இந்த விஷயத்தில் ஈர்ப்பு வந்ததே அதனால்தான்.

வெளிநாட்டில் ஓர் ஆய்வகத்தில் இருந்தபோது அலெக்ஸாண்ட்ரியம் வளர்த்தேன். மிகவும் பக்குவமாகக் கையாள வேண்டிய உயிர். பாக்டீரியா வளர்ப்பவர்கள் குடுவையைக் குலுக்கிக் குலுக்கி வளர்ப்பார்கள். இதைக் குலுக்கினால் வளராது, செத்தும் போகும். ஒரு மரபணுவை எடுத்து அதன் எழுத்து வரிசை பார்க்க அனுப்பினால், வரைபடத்தில் எழுத்துக்கு ஒரு சிகரம் வர வேண்டிய இடங்கள் பலவற்றில் இரண்டு மூன்று சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கும். கலப்படமா என்று திரும்ப எடுத்தால் திரும்பவும் அப்படியே. கலப்படம் எதுவும் இல்லை. ஒரே மரபணு நிறையப் பிரதிகளாக இருக்கிறது, பிரதிக்குப் பிரதி ஓரிரு எழுத்து வேறு, எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் பேசுகின்றன. அலெக்ஸாண்ட்ரியத்தில் அந்த நான்காம் பகுதிக்கு மட்டும் 100 முதல் 240 பிரதிகள் வரை எண்ணியிருக்கிறார்கள். ஒளிச்சேர்க்கைப் புரதங்கள் சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில் உண்டு.

இவ்வளவு பிரதிகள் எப்படி வந்தன? டைனோஃபிளாஜெல்லேட்டுகள் மரபணுவின் நகலாக வேலைக்குப் போகும் தூது ஆர்என்ஏ ஒவ்வொன்றின் தலையிலும் 22 எழுத்துள்ள ஒரே துண்டை ஒட்டும். வெளியிலிருந்து வந்த மரபணுவானாலும் இந்தத் தலைப்பாகை கட்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். 2008இல் இவற்றின் மரபுத்தொகுதிகளை, அதாவது மொத்த டிஎன்ஏவைத் துழாவிய இருவர், அந்தத் தலைப்பாகையின் மிச்சம் டிஎன்ஏவுக்குள்ளேயே கிடப்பதைக் கண்டார்கள். அப்படியென்றால் வேலைக்குப் போன ஆர்என்ஏ திரும்ப டிஎன்ஏ ஆகி மரபுத்தொகுதிக்குள் நுழைந்திருக்கிறது. சில மரபணுக்களில் இரண்டு மூன்று தலைப்பாகை மிச்சங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன, போய்த் திரும்பியது பலமுறை நடந்திருக்கிறது.

புரதப் பரிணாமத்துக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டுமா? ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொன்று தாராளமாக மாறிப் பார்க்கலாம்.

அக்டோபர் 25, சற்று நேரம் கழித்து

"அப்படியானால் முழுத் தொகுதியையும் பாக்டீரியாவிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது, அவ்வளவுதானே?" என்கிறார் இன்னொரு நண்பர். அவ்வளவு சுலபமாக முடியவில்லை. எஸ்எக்ஸ்டி-ஏ தெளிவாக ஒத்துப்போகிறது. எஸ்எக்ஸ்டி-ஜி என்ற இன்னொரு நொதியும் அலெக்ஸாண்ட்ரியத்தில் இருக்கிறது. ஆனால் அது விஷமே செய்யாத அலெக்ஸாண்ட்ரியத்திலும் இருக்கிறது. மீதி நொதிகள் பலவற்றுக்கு ஒற்றுமை மிக மெல்லியது. தொடக்க வேலைக்குரியதைக் கடன் வாங்கி, மற்றதற்கு வீட்டில் இருந்த நொதிகளையே பழக்கிக்கொண்டது என்ற விளக்கம்தான் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.

அக்டோபர் 27

இந்தக் கடன் வாங்கும் பழக்கம் விஷத்தோடு நிற்பதில்லை என்பதற்காக இரண்டு உதாரணம்.

காற்றிலுள்ள கரியமிலத்தைப் பிடிக்கும் ரூபிஸ்கோ புரதம் செடிகளுக்கும் பெரும்பாலான பாசிகளுக்கும் ஒருவகை. டைனோஃபிளாஜெல்லேட்டுகளில் பெரும் பிரிவுக்கு அது பாக்டீரியாவிடமிருந்து வந்த வேறு வகை, கரியமிலத்தையும் ஆக்ஸிஜனையும் பிரித்தறிவதில் மட்டமானது. அதை வைத்துக்கொண்டு கடல் நிறையப் பெருகவும் செய்கின்றன.

இரண்டாவது, டிஎன்ஏவைச் சுற்றிவைக்கும் ஹிஸ்டோன். மனிதன், காளான், நெல் எல்லாவற்றிலும் இந்த வேலைக்கு இதுதான். டைனோஃபிளாஜெல்லேட்டுகள் இந்த வேலையிலிருந்து ஹிஸ்டோனைப் பெருமளவு விலக்கிவிட்டு, வைரஸ் வழி வந்த ஒரு புரதத்தை அங்கே அமர்த்தியிருக்கின்றன. 2012இல் இதைப் படித்தபோது நம்பாமல் திரும்பப் படித்தேன். எந்த உயிரும் தொடத் துணியாத புரதத்தையே மாற்றியிருக்கிறதே!

அக்டோபர் 30

ஆகஸ்டில் வந்த செய்தியை யாரும் குறிப்பிடவில்லையே. அதை விட்டுவிட்டு இந்தத் தலைப்பைப் பேச முடியாது.

பிரிம்னீசியம் பார்வம், பொன்னிறப் பாசி. மீனைக் கொல்லும் பிரிம்னீசின் என்ற விஷத்தைச் செய்வது. 2022 கோடையில் போலந்து-ஜெர்மனி எல்லையில் ஓடும் ஓடர் ஆற்றில் சுமார் 360 டன் மீன் செத்து மிதந்தது இதனால்தான். ஆற்றில் உப்புக் கழிவு ஏறியதும் உவர்நீர்ப் பாசிக்கு இடம் கிடைத்தது. கேள்வி கேட்ட நண்பரே, கழிவின் பங்கு எது, மரபணுவின் பங்கு எது என்று இங்கே தனித்தனியாகப் பார்க்கலாம். உப்பு பாசியைப் பெருக்கியது. விஷம் செய்யும் புரதம் அதற்கு முன்பே பாசியிடம் இருந்தது.

அந்தப் புரதத்தைத்தான் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்தினர் இந்த ஆண்டு கண்டுபிடித்தார்கள். பெயர் பிகேசில்லா-1. காட்ஸில்லா நினைவாக வைத்த பெயர், பொருத்தமான பெயர். 45,212 அமினோ அமிலங்கள், 140 நொதிப் பகுதிகள், எல்லாம் ஒரே சங்கிலியில். அதுவரை அறியப்பட்ட மிகப்பெரிய புரதம் நம் தசையிலுள்ள டைட்டின், அதைவிட இது 25 விழுக்காடு பெரிது. கூடவே 99 பகுதிகள் கொண்ட பிகேசில்லா-2.

இது வேலை செய்யும் விதம், கட்டடத்தில் சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கலைக் கைமாற்றுவது போல. ஒவ்வொரு பகுதியும் வளரும் கரிமச் சங்கிலியை வாங்கி, தன் பங்குக்கு ஏதோ ஒன்றைச் செய்து அடுத்ததிடம் கொடுக்கும். கடைசியில் விஷத்தின் முதுகெலும்பு வெளியே வரும், 90 கரி அணுக்கள் நீளத்தில்.

அந்த 140 பகுதிகளைக் கூர்ந்து பார்த்தால் சில வகைகளே மாறி மாறி வருகின்றன. அவையும் கொழுப்பு அமிலம் செய்யும் நொதிகளின் உறவினர்கள். நம் கல்லீரலில் கொழுப்பு செய்கிற நொதியும் இந்தக் குடும்பம்தான். இருந்ததையே பிரதி எடுத்து, பிரதியை வரிசையில் ஒட்டி, திரும்பவும் பிரதி எடுத்து ஒட்டியதில் உருவானது உலகின் மிகப்பெரிய புரதம்.

இன்னொன்று: இவ்வளவு பெரிய மரபணுவை வழக்கமான மென்பொருள்கள் கண்டுகொள்ளவில்லை. துண்டு துண்டாக, வெவ்வேறு மரபணுக்களாகக் காட்டின. இந்தத் துறைக்கு வரும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மென்பொருள் தரும் மரபணுப் பட்டியலை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நவம்பர் 2

"மனிதனைக் கொன்று பாசிக்கு என்ன லாபம்?"

எதுவும் இல்லை. மனிதன் அதன் கணக்கிலேயே இல்லை. அதைத் தின்பது கோபிபாட் எனும் சின்ன இறால் வகை உயிர்கள். கோபிபாடுகள் நீரில் விடும் ஒருவகைக் கொழுப்புப் பொருளின் வாசனை பட்டாலே அலெக்ஸாண்ட்ரியம் விஷத்தைப் பல மடங்கு கூட்டிக்கொள்கிறது. 2015இல் சுவீடன் ஆய்வாளர்கள் அந்தப் பொருளையே பிரித்தெடுத்துக் காட்டினார்கள். தின்ன வருகிறவனை மோப்பம் பிடித்துத் தற்காத்துக்கொள்கிற ஏற்பாடு அது. சிப்பி, மட்டி நீரை வடிகட்டித் தின்பதால் விஷம் அவற்றில் சேர்கிறது, அவற்றை நாம் தின்கிறோம். இடையில் மாட்டிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

நவம்பர் 3

நேற்று மட்டியைச் சொன்னதும் ஞாபகம் வந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த புரதம் பாசியுடையது அல்ல, மட்டியுடையது.

சாக்ஸிடாக்ஸின் நரம்பிலுள்ள சோடியம் சேனல் என்ற புரதத்தின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். சோடியம் உள்ளே போகாவிட்டால் நரம்பில் செய்தி ஓடாது, மூச்சுத்தசை நிற்கும். மட்டிக்கும் அதே சேனல்தான். அது எப்படிப் பிழைக்கிறது?

கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அலெக்ஸாண்ட்ரியம் நெடுங்காலமாக அடிக்கடி பெருகுகிறது. அங்குள்ள மயா அரேனாரியா மட்டிகளையும், விஷப்பாசி வந்த வரலாறில்லாத லாரன்ஸ்டவுன் கழிமுக மட்டிகளையும் ஒப்பிட்டு 2005இல் ஒரு கட்டுரை வந்தது. விஷப்பாசியைக் கொடுத்தால் லாரன்ஸ்டவுன் மட்டிகள் மணலில் புதைய முடியாமல் தவிக்கின்றன, செத்தும் போகின்றன. ஃபண்டி மட்டிகள் தின்றுகொண்டே இருக்கின்றன. வித்தியாசம் சேனலின் வாயில் ஒரே ஒரு அமினோ அமிலம். குளூட்டாமிக் அமிலம் இருந்த இடத்தில் அஸ்பார்டிக் அமிலம். இரண்டுக்கும் வேறுபாடு ஒரு கரி அணுவும் இரண்டு ஹைட்ரஜனும். அந்தச் சின்ன மாற்றத்தால் விஷம் சேனலில் ஒட்டும் திறன் ஆயிரம் மடங்கு குறைகிறது.

நமக்கு நல்ல செய்தியா? நேர்மாறு. விஷத்தைத் தாங்கும் மட்டி நிறையத் தின்னும், விஷத்தை நிறையச் சேர்க்கும், உயிரோடும் இருக்கும். தட்டுக்கு வருவது அதுதான். பேத்தை மீனின் சேனலிலும் இதே பாணியில் ஒரு மாற்றம் இருப்பதால்தான் அது தன் விஷத்தால் தானே சாவதில்லை.

நவம்பர் 9

டயாட்டம் என்ற இன்னொரு நுண்பாசி வகை பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளைச் சாப்பிட்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், மூன்று பேர் இறந்தார்கள், பிழைத்தவர்களில் சிலருக்கு நினைவு திரும்பவே இல்லை. காரணம் டோமோயிக் அமிலம், செய்தது சூடோ-நிட்ஸ்கியா என்ற டயாட்டம். வேதியியலாளர்களுக்கு அந்த அமிலம் அப்போது புதிதல்ல. ஜப்பானியர்கள் 1958லேயே ஒரு சிவப்புக் கடற்பாசியிலிருந்து பிரித்து வைத்திருந்தார்கள்.

2018இல் டயாட்டத்தின் நொதிகள் கிடைத்தன. முதல் வேலையைச் செய்யும் டாப்-ஏ, டெர்பீன் செய்யும் நொதிகளின் சாயல் கொண்டது. பூ வாசனை, எலுமிச்சம்புல் வாசனை எல்லாம் டெர்பீன்தான். அதன் நெருங்கிய உறவு சிவப்புக் கடற்பாசிகளில் இருக்கிறது. டயாட்டமும் சிவப்புப் பாசியும் எவ்வளவு தூரத்து உயிர்கள்! இங்கேயும் மரபணு கைமாறியிருக்கிறது என்றே நினைக்கத் தோன்றுகிறது.

நவம்பர் 10

நீல ஒளி பற்றி, கேள்வி கேட்டவருக்காக. விஷமில்லாவிட்டாலும் நாக்டிலுகாவில் பார்க்கவேண்டிய புரதம் ஒன்று இருக்கிறது: ஒளியைத் தரும் லூசிஃபெரேஸ். லிங்குலோடினியம் என்ற உறவினரிடம் இந்த நொதியில் ஒரே பகுதி மூன்று முறை அடுத்தடுத்து வரும், மூன்றும் தனித்தனியே ஒளி தர வல்லவை. ஒளிப்பொருளைப் பிடித்துவைக்கும் புரதம் அதற்குத் தனி மரபணுவில் உண்டு. நாக்டிலுகாவிலோ இரண்டும் ஒரே மரபணுவில், ஒரே சங்கிலியில் ஒட்டியிருக்கின்றன. 2007இல் தெரிந்தது. ஒன்று பிரிந்ததா, இரண்டு சேர்ந்ததா என்று விவாதிக்க விரும்புகிறவர்கள் வாருங்கள், நான் தயார்.

2025 ஜூன் 14

தெற்கு ஆஸ்திரேலியாவில் மார்ச்சில் தொடங்கிய பெருக்கம் இன்னும் அடங்கவில்லை. கடலில் சறுக்கப் போனவர்களுக்கு இருமலும் கண்ணெரிச்சலும். கரை நெடுகச் செத்த மீன்கள், திருக்கைகள், கடற்குதிரையின் உறவான சீ டிராகன்கள். படங்களைப் பார்க்க மனம் கேட்கவில்லை. பாசி கரேனியா மிகிமோட்டோய் என்கிறார்கள். எனக்கு ஒன்று இடிக்கிறது. அங்குள்ள சிப்பிகளில் பிரெவிடாக்ஸின் கிடைத்திருக்கிறது. அது ஃப்ளோரிடாவின் கரேனியா பிரெவிஸ் செய்யும் விஷம், மிகிமோட்டோய் அதைச் செய்வதில்லை. கூட இன்னொரு கரேனியா இருக்க வேண்டும்.

2025 நவம்பர் 16

இருந்தது. பெருக்கத்தில் முக்கியப் பங்கு கரேனியா கிறிஸ்டேட்டாவுக்கு என்று இப்போது அறிவித்திருக்கிறார்கள், பிரெவிடாக்ஸினும் அதனுடையதுதான். நுண்ணோக்கியில் கரேனியாக்கள் ஒன்றுபோலவே தெரியும். வரிசை பார்த்துத்தான் பிரிக்க முடிந்தது.

விஷம் செய்யும் புரதத்தின் மரபணு கையில் இருந்தால் இனம் எதுவென்று தேடிக்கொண்டிருக்காமல் நேரே அந்த மரபணுவையே கடல்நீரில் தேடலாம். சாக்ஸிடாக்ஸினுக்கு அது 2011லேயே நடந்தது. நான்காம் பகுதி என்று மேலே சொன்னேனே, அதைப் பிசிஆரில் எண்ணி, அலெக்ஸாண்ட்ரியம் நீரில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் சோதனை ஆஸ்திரேலியாவிலேயே உருவானது. பிகேசில்லா வழி தெரிந்த பிறகு, பிரிம்னீசினும் பிரெவிடாக்ஸினும் சேர்ந்த பாலிஈதர் என்ற வகையில் மற்ற விஷங்களின் ராட்சதப் புரதங்களையும் அதே முறையில் தேடலாம். கரேனியாவை முதலில் எடுங்கள் என்பது என் வேண்டுகோள். இந்தத் துறையில் முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள், பாசி வளர்ப்பதிலிருந்து ஆர்என்ஏ எடுப்பது வரை தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன்.